விருது வாங்கியவன் வெட்டிய கல்யாண வீடியோ

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் இன்று காலையில் என் கை தானாகச் சேலையில் ஊக்கு குத்தியது. குத்திவிட்டு எங்கே போவது? பின்னறையில் தம்பி கிங்ஸ்டன் படுத்திருக்கிறான். விருது பெற்ற சினிமாப் படத்தொகுப்பாளர். பத்து மணிக்குமேல் எழுந்து காப்பி கேட்பார்.

முன்பெல்லாம் இரண்டு நாள் லீவில் வந்தாலும் கம்ப்யூட்டரும் கையுமாக வருவான். கதவைச் சாத்திக்கொண்டு ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு என் உயிரை வாங்குவான். "ஏலே, அந்தப் பொம்பளைக்கு வேற பேச்சே கிடையாதா?" என்று அடுக்களையிலிருந்து கத்துவேன். இந்த முறை வந்து இரண்டு மாதம். அறையிலிருந்து ஃபேன் சத்தம் மட்டும்தான் வருகிறது.

விருது ஃபிரிட்ஜ் மேல் நிற்கிறது. மீட்டர் பார்க்க வந்தவர், "கபடிலயா டீச்சர்?" என்றார். கேட்கவாவது செய்தாரே.

ஜூன் 5, வியாழன்

டிவியில் அந்த இயக்குநர். பெயரை எழுதி மையைக் கெடுக்க மாட்டேன். கிங்ஸ்டனுக்கு விருது வாங்கித் தந்த படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றிப் பேசினார். கதாநாயகி அழுது முடித்துவிட்டு, மூக்கைச் சேலையில் துடைத்து, யாரையோ பார்த்து வெட்கத்தோடு சிரிப்பாளே, அதுதான். "ஷூட்டிங்குக்கு முன்னாடியே அது என் மனசுல ஓடிருச்சு" என்றார். ஓடியதாம்!

எனக்குத் தெரியாதா? 'கட்' சொன்ன பிறகு அந்தப் பெண் மேக்கப்காரியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. கேமராவை நிறுத்த மறந்திருக்கிறார்கள். குப்பைக்குப் போக வேண்டியதை இவன் பொறுக்கி எடுத்தான். எந்தப் படமானாலும் எடுத்தது அத்தனையையும், வீணானதையும் சேர்த்து, முதலில் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பான். அதற்குப் பிறகுதான் வெட்டு.

அடுத்த படத்துக்கு மகானுபாவர் வேறு ஆளை வைத்துக்கொண்டார். பத்திரிகைகள் தொகுப்பைப் பாராட்டியது அவருக்குப் பிடிக்கவில்லையாம். டிவியை அணைக்கப் போனேன். "ஓடட்டும்க்கா" என்றான் கிங்ஸ்டன். முழுவதையும் பார்த்தான்.

ஜூன் 9, திங்கள்

பாண்டித்துரை வந்தார். துறைமுகத்தில் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கிற கிளியரிங் ஏஜென்ட், எங்கள் தெருவின் பெரிய மனிதர். வரும்போதே மூன்று யோசனைகளோடு வந்தார்.

ஒன்று, பாராட்டு விழா. இரண்டு, அவர் மகள் ஜெயபிரியாவின் கல்யாண வீடியோ. போன மாதம் எடுத்துவிட்டு, ஸ்டுடியோக்காரன் தொகுத்துக் கொடுக்காமலே கத்தாருக்கு விமானம் ஏறிவிட்டான். "தம்பி சும்மாத்தான இருக்காரு டீச்சர்? அங்கங்க வெட்டி ஒட்டிக் குடுத்தா முடிஞ்சிது. முன்னாடி ஒரு ரோஜாப்பூ சுத்தணும். மேடைல வந்து நின்னவங்க ஒருத்தர் முகமும் விடக்கூடாது, பெறவு சண்டைக்கு வருவானுவ."

ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் போய், கத்தி இருக்கிறதே, நகம் வெட்டிவிடுங்கள் என்பதுபோல.

மூன்றாவதுதான் என்னைக் குத்தியது. "நம்ம ஆபீஸ்ல கன்டெய்னர் நம்பர் அடிக்க ஆள் வேணும். ஜூலை ஒண்ணாந்தேதி வந்துரட்டும். கம்ப்யூட்டர்லதான இவ்வளவு நாளும் உக்காந்திருந்தாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னறையிலிருந்து குரல் வந்தது. "சரி அண்ணாச்சி. ஹார்டு டிஸ்கக் குடுத்து விடுங்க. வேலைக்கும் வாரேன்."

ஜூன் 10, செவ்வாய்

சண்டை போட்டேன். "கன்டெய்னர் நம்பர் அடிக்கவாலே இருவது வருசம் கண்ணு பூத்துக் கெடந்த?"

"கன்டெய்னர் நம்பர என் மனசுல ஓடுச்சுன்னு எவனும் டிவில சொல்ல மாட்டான்லா" என்றான். "இந்தக் கல்யாணந்தான் கடைசி. இனி வெட்டப் போறதில்லக்கா."

அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன்.

ஜூன் 15, ஞாயிறு

பாராட்டு விழா. பேனரில் பாண்டித்துரை ஆள் உயரம், கிங்ஸ்டன் ஸ்டாம்பு அளவு. பேசிய முதல் ஆள் அவன் நடிப்பைப் புகழ்ந்தார். இரண்டாமவர் தன் தொழிலைப் பற்றிப் பேசினார். மூன்றாமவர், "கத்தரிக்கோலும் கையுமாக உழைத்தவர்" என்றார். தையல்காரர் சங்கமே எழுந்து கைதட்டியிருக்கும்.

பக்கத்தில் இருந்த ஜெயபிரியாவின் அம்மா அருணாசலவடிவு மெல்லக் கேட்டாள்: "டீச்சர், தம்பி அப்படி என்னதான் செய்யுதாரு?" கேட்டவள் அவள் ஒருத்திதான். வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன். திருவிழாவுக்குப் போய்வந்த கதையைச் சொல் என்றால், ஒரு பிள்ளை பல் தேய்த்ததிலிருந்து ஆரம்பிக்கும். இன்னொன்று, 'கூட்டத்துல எங்கம்மா கைய விட்டுட்டா' என்று ஆரம்பிக்கும். போனது ஒரே திருவிழாதான். இரண்டாவது பிள்ளை செய்ததுதான் இவன் வேலை.

அவள் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜூன் 19, வியாழன்

மூன்று கேமரா எடுத்ததையும் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறான். பந்தியில் சாம்பார் ஊற்றுவதைக்கூட. கடைசி வேலைக்கு இந்த மரியாதை. எனக்குத்தான் வயிறு எரிகிறது.

ஜூன் 23, திங்கள்

மத்தியானம் திடீரென்று கேட்டான். "வடிவு அக்காவுக்கு அண்ணன் ஒருத்தர் உண்டா?"

இருக்கிறார். மாப்பிள்ளையூரணியில், இசக்கியப்பன். ஜெயபிரியாவைத் தன் மகனுக்குக் கேட்டார். முறை இருக்கிறது, உரிமை இருக்கிறது. பாண்டித்துரை பெங்களூர் மாப்பிள்ளை பிடித்துவிட்டார். அந்தக் கல்யாண மண்டபத்தின் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று இசக்கியப்பன் சொல்லிவிட்டார். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு சித்தப்பாவை நிறுத்திக் கல்யாணம் முடித்தார்கள்.

"சரி" என்றான். கதவைச் சாத்திக்கொண்டான்.

ஜூன் 29, ஞாயிறு

பாண்டித்துரை வீட்டுக் கூடத்தில் சுவர் அளவு டிவி. சொந்தபந்தம் எல்லோருக்கும் பிரியாணி. அவரவர் முகத்தைப் பார்க்க அவரவர் வந்திருந்தார்கள்.

ரோஜாப்பூ சுற்றவில்லை. முதலில் வந்தது அருணாசலவடிவின் முகம். விடிகாலையில் தலையில் பூ வைத்துக்கொண்டே மண்டப வாசலைப் பார்க்கிறாள். சந்தனம் கொடுக்கிறாள், வாசலைப் பார்க்கிறாள். மகளுக்கு மாலையைச் சரிசெய்கிறாள், வாசலைப் பார்க்கிறாள். அன்று நானும் அங்கேதான் இருந்தேன். ஒருமுறைகூடக் கவனிக்கவில்லை.

"என்ன தம்பி, மாப்பிள்ளைய எங்க?" என்றார் பாண்டித்துரை. "மேடைக்கு வந்தாரே துறைமுகத்து ஆபீசர், அவரு எங்க?"

"நம்மளயும் காணல" என்றார் ஒரு சொந்தக்காரர்.

அப்போது படம் வாசலுக்குப் போனது. மாப்பிள்ளையின் கார் வருவதைப் படம்பிடிக்க வைத்த கேமராவாம். அதை ஓடவிட்டுவிட்டு கேமராக்காரன் சாப்பிடப் போய்விட்டான். ரோட்டுக்கு அந்தப் பக்கம், இளநீர் வண்டிக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையில் ஒருவர். கையில் பூக்கடைப் பை. இளநீர்க்காரர் ஏதோ கேட்கிறார், வேண்டாம் என்று தலையாட்டுகிறார். நின்றுகொண்டே இருக்கிறார். உள்ளே கெட்டிமேளம் முழங்குகிறது. அவர் பைக்குள் கைவிட்டு, மாலையிலிருந்து பூவைப் பிய்த்து, ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே மண்டபத்தைப் பார்த்துத் தூவுகிறார். ஒரு லாரி குறுக்கே போகிறது. லாரி போன பிறகு ஆள் இல்லை.

உள்ளே அருணாசலவடிவு அட்சதை போட்டுவிட்டு வாசலைப் பார்க்கிறாள். படம் முடிந்தது.

கூட்டத்துக்குள்ளிருந்து அருணாசலவடிவின் குரல்: "எங்கண்ணன்லா அது... எங்கண்ணன் வந்திருக்கு."

எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "ஏ தம்பி, திருப்பிப் போடுய்யா. அந்த லாரிக்கு முன்னால."

கிங்ஸ்டன் போட்டான். மறுபடியும் போட்டான். துறைமுகத்து ஆபீசரை அதற்குமேல் யாரும் தேடவில்லை.

ஜூன் 30, திங்கள்

பாண்டித்துரை போன். சபையில் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டானாம். வேலை கிடையாதாம். ரோஜாப்பூவோடு வேறு ஆளை வைத்துப் பண்ணிக்கொள்வாராம்.

"ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி" என்றேன். மனதாரச் சொன்னேன். ஆனால் சாயங்காலமாகியும் பின்னறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான். கன்டெய்னரும் போயிற்று. இனி?

ஜூலை 6, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது அருணாசலவடிவைப் பார்த்தேன். தனியாகவே பஸ் ஏறி மாப்பிள்ளையூரணிக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். "மண்டபத்த மிதிக்க மாட்டேன்னுதான சொன்னேன், வர மாட்டேன்னு சொன்னனாக்கும்?" என்றாராம் அண்ணன். சொல்லும்போது சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சேலையில் துடைத்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

இசக்கியப்பன் வீட்டில் பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆடி விருந்து. எங்களையும் அழைத்திருந்தார்கள். கோபமெல்லாம் பறந்துபோன பாண்டித்துரை தலைவாழை இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொல்கிறார்: "அந்த வீடியோவுல மச்சானக் கடைசில வையின்னு நாந்தான் தம்பிட்ட சொன்னேன். எனக்கு அப்பவே மனசுல ஓடிருச்சு."

எனக்கு இலையைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. திரும்பிப் பார்க்கிறேன், கிங்ஸ்டன் சிரிக்கிறான். அப்பளம் புரையேறி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறான்.

வரும் வழியில் சொன்னான். "வெட்டு நல்லா விழுந்தா எல்லாவனும் என்னுதும்பான்க்கா. டைரக்டரும் இவரும் ஒண்ணுதான். நாந்தான் இத ஒரு வியாதியாக்கிப் படுத்துக் கெடந்தேன்."

"அப்ப எந்திரி" என்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருநாள். காயல்பட்டினத்திலிருந்து ஸஹ்லா என்றொரு பெண் வந்தாள். ஜெயபிரியாவோடு படித்தவள், அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறாள். முதல் படம் எடுத்து வைத்திருக்கிறாளாம். "எல்லாம் கொண்டாந்திருக்கேன் அண்ணே, வேஸ்ட்டுனு எதையும் அழிக்கல" என்றாள். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

ஆகஸ்ட் 18, திங்கள்

பின்னறைக் கதவு காலையிலிருந்து சாத்தியிருக்கிறது. உள்ளே ஒரு பெண், "நீ போ, நான் பெறவு வாரேன்" என்கிறாள். நிறுத்தம். "நீ போ, நான் பெறவு வாரேன்." மறுபடியும் நிறுத்தம். மறுபடியும் அதே. மட்டமான வசனம். எவன் எழுதினானோ! தோசை கல்லில் கருகும்வரை நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.