புதனுக்கும் வியாழனுக்கும் நடுவில்

தி.நகர்
ஆகஸ்ட் 1997

என் ராஜாவுக்கு,

ஆம்பூரில் தங்கை கைச்சோறு ருசிக்கிறதா? பக்கவாதம் உங்கள் வாயை அடைத்ததிலிருந்து நம் சண்டையில் எப்போதும் எனக்கே ஜெயம்.

அடையாறில் நான் பெருக்கித் துடைக்கும் மூளை ஆராய்ச்சிக்கூடத்துக்குக் காந்த மெஷின் ஒன்று வந்திருக்கிறது. அதைப் பழகிக்கொள்ள டாக்டர் ஸ்ரீரஞ்சனிக்கு ஒரு தலை வேண்டுமாம். "என்னுது காலியாத்தான் கீது, எடுத்துக்கோம்மா" என்றேன்.

ஜாங்கிரி மாதிரி ஒரு சுருளை என் காதுக்கு மேலே வைத்தார். "கிழமையெல்லாம் வரிசையா சொல்லுங்கக்கா" என்றார். சொல்லிக்கொண்டே வந்தேன். மெஷின் படபடவென்று அடித்தது. புதனோடு வாய் நின்றுவிட்டது. இத்தனை வருஷம் உங்களால் முடியாததை அந்தச் சுருள் செய்துவிட்டது!

ஆனால் வியாழன் எனக்குத் தெரியும். உள்ளே கத்தினேன். "பாருங்க, பேச்சு நின்னுடுச்சு" என்று டாக்டர் சுற்றி நின்றவர்களிடம் சொன்னதுகூடக் கேட்டது. நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. சுருளை எடுத்ததும் வியாழன் வாயில் வந்து விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உங்கள் முகம்தான் ஞாபகம் வந்தது.

நீங்களும் அப்படித்தான் உள்ளே கத்திக்கொண்டிருக்கிறீர்களா?

போன மாதம் உங்களுக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்து, நானும் உங்கள் தங்கையும் உங்கள் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, கபர் எங்கே தோண்டுவது என்று பேசினோமே.

ஷகீலா, இதை உன் அண்ணனுக்குப் படித்துக்காட்டுவது நீதான். இங்கே நிறுத்தாதே, சத்தமாகப் படி. வெள்ளிக்கிழமை வந்து அவரை அழைத்துப்போகிறேன். அதுவரை அந்த அறையில் பார்த்துப் பேசு.

இப்போது நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்.

உங்கள் வாயாடி