என்னோடு சண்டை போட்ட மாமாவுக்கு

மாமா,

காலையிலிருந்து வீடெல்லாம் நண்டு ரச வாசம். தம்பிக்குச் சளி. அவன் மனைவி செல்வி வயல் நண்டை இடித்து, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்திருக்கிறாள். வாசம் கூடத்துக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரிப்பது என்னைப் போன்றவனுக்கு ஆகாத காரியம். மற்றவர்கள் சிரித்தால் ஏதோ நினைப்பு என்பார்கள். நான் சிரித்தால் மாத்திரை டப்பாவைப் பார்ப்பார்கள். செல்வியும் பார்த்தாள். நல்ல பெண், ஒருநாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. "பக்கத்து வயல் மாமா நினைப்பு வந்துச்சும்மா" என்றேன். அவளும் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

நீங்கள் போய் ஆறேழு மாதம் ஆகிறது. எழுத வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனால் பண்பாளர், பாசமிக்கவர் என்றெல்லாம் என்னால் எழுத முடியாது. நீங்கள் சண்டைக்காரர், ஊருக்கே தெரியும். வரப்பில் ஒரு சாண் குறைந்தால் பெற்ற மகனையும் விடமாட்டீர்கள். எனக்கு நல்லது செய்ய வேண்டும் என்று நினைத்து நீங்கள் எதையும் செய்ததாக நான் நம்பவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆஸ்பத்திரியில் இருந்து நான் ஊர் திரும்பிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். காதுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த குரல்கள் மருந்தில் அடங்கியிருந்தன. டாக்டர் புண்ணியம், தம்பி புண்ணியம். ஆனால் ஊருக்குள் வந்து பார்த்தால் எல்லோருடைய குரலும் அடங்கிப் போயிருந்தது. டீக்கடையில் எனக்கு உட்கார இடம் விடுவார்கள், முழுப் பெஞ்சையும். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் "குடும்பத்தோட வந்துடுங்க" என்று என்னைத் தவிர எல்லோர் முகத்தையும் பார்த்துச் சொல்வார்கள். நான் எதைச் சொன்னாலும் 'சரிங்க'தான். ஒருநாள் வேண்டுமென்றே டீக்கடையில், "இந்த வருஷம் வாய்க்கால்ல தண்ணியே வரலையே" என்றேன். கடைக்கு எதிரே கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது தண்ணீர். "ஆமாங்க, எங்க வருது" என்றார்கள் எல்லோரும். அன்று வீட்டுக்கு வந்து படுத்தவன் மறுநாள் வரை எழுந்திருக்கவில்லை.

வீட்டிலும் அதே கதை. சாப்பிட்டியா, தூங்குனியா, மாத்திரை போட்டியா. பதிலையும் அவர்களே வைத்திருப்பார்கள். வேறு கேள்வி கேட்டு என் பதிலுக்காக யாரும் நின்றதில்லை.

அந்தக் குறுவைக்கு நீங்கள் நாற்றங்கால் விட்டிருந்தீர்கள். எங்கள் வயல் உங்களுடையதைவிட மேடு. உழவுக்காகத் தண்ணீர் கட்டி வைத்திருந்தோம். ஒரே ராத்திரியில் அந்தத் தண்ணீர் உங்கள் நாற்றங்காலில் இறங்கி, தெளித்த விதையெல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது. விடிந்ததும் எங்கள் வாசலில் நின்று நீங்கள் போட்ட சத்தத்தில் தெரு முழுக்க எழுந்து வந்தது. முந்தின நாள் பொழுது சாய நான் வரப்பில் நின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அப்புறம் என்ன? பைத்தியம் மடையைத் திறந்துவிட்டது என்று முடிவாகிவிட்டது.

தம்பி கைகூப்பாத குறையாக, "அண்ணன்தான் தெரியாம தொறந்துருக்கும் மாமா. கோச்சுக்காதீங்க. விதை நான் குடுத்துடுறேன்" என்றான். பாவம், சண்டையை முடித்து என்னைக் காப்பாற்றப் பார்த்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான்தான் திறந்தேனோ என்று.

"உன்னை யார்றா கேட்டா? அவனைக் கூப்பிடு" என்றீர்கள்.

வந்து நின்றேன். "மாப்ள, மடையைத் தொறந்தியா?"

மாத்திரை போட்டுக்கொண்டால் வார்த்தை வாய்க்கு வரக் கொஞ்சம் நேரமாகும். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். நீங்கள் கையைக் காட்டி அவனை நிறுத்தினீர்கள். அவ்வளவு கோபத்திலும் நின்றீர்கள் மாமா. முந்தின நாள் நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது.

"இல்ல மாமா. மடைப்பக்கமே போவல."

"அப்ப சரி. வா, பாப்போம்."

அவ்வளவுதான். 'இவன் சொல்வதை நம்பலாமா' என்று நீங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வயலுக்குப் போனோம், பாதித் தெரு பின்னாலேயே வந்தது. மடை அடைத்தபடியே இருந்தது. வரப்போரம் காலால் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் குனிந்து கையை விட்டீர்கள். நண்டு வளை. முழங்கை வரைக்கும் போயிற்று. கை நிறையச் சேறோடு நிமிர்ந்து தம்பியிடம், "நண்டுக்கு என்ன மாத்திரைன்னு ஆஸ்பத்திரியில கேட்டுட்டு வாடா" என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உடனே என் பக்கம் திரும்பினீர்கள். "நீ என்ன சிரிக்கிற? அந்திவரைக்கும் வரப்புலதான நின்ன? வளை இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது. "வளையோட வாய் உங்க பக்கந்தான மாமா இருக்கு. உங்க கண்ணு எங்க போச்சு?" என்றேன்.

தம்பி பதறிப்போய் என் தோளைப் பிடித்தான். "விடுறா, பேசட்டும்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் சண்டைக்குத் தயாரானீர்கள். வெயில் ஏறும் வரை கத்தினோம். யாருக்கும் வெற்றியில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நமக்குள் சண்டை ஓயவே இல்லை. கதிர் உங்கள் பக்கம் சாய்ந்தால் சண்டை, ஆடு மேய்ந்தால் சண்டை. தண்ணீர் முறை வைக்கிற கூட்டத்துக்கு, "மாப்ளயக் கூப்பிடாம முறை வச்சா அப்பறம் என் உசுரை எடுப்பான்" என்று நீங்கள் சொன்னதால் எனக்கு ஆள் விட்டார்கள். போனேன். மெல்ல மற்றவர்களும் என்னை எதிர்த்துப் பேச ஆரம்பித்தார்கள். டீக்கடையில், "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்று ஒருவன் சொன்ன நாளில் அவனுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன். மாத்திரையை நான் நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டேன். அதோடு சேர்த்துக்கொள்ள இந்தச் சண்டையும் எனக்குத் தேவைப்பட்டது.

தை மாதம் ஒரு காலையில் தம்பி என்னை அவசரமாக நாகப்பட்டினத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டான். அவள் பார்க்க ஆசைப்படுகிறாள் என்றான். சில நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்து இறங்கினால், பஸ் ஸ்டாப் சுவரில் உங்கள் படம். கீழே கண்ணீர் அஞ்சலி. நான் பஸ் ஏறின அன்று விடியற்காலையில் மாரடைப்பாம். எடுத்து, பால் தெளித்து, எல்லாம் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து, "என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?" என்றேன். "சரிண்ணே, உக்காரு. தண்ணி குடி" என்றான் தம்பி, அதே மெல்லிய குரலில். செல்வி மாத்திரை டப்பாவை எடுத்துவிட்டாள். "இது வியாதி இல்லம்மா, கோவம்" என்றேன். "டேய், நான் கத்துனா நீயும் கத்துடா."

கத்தினான். "அம்மா செத்தப்ப நீ காணாமப் போன. ஊர் ஊரா அலைஞ்சு நாகூர் தர்கா வாசல்லேர்ந்து உன்னைக் கூட்டிட்டு வந்தது நானு. இன்னொரு தடவை தேட எனக்குத் தெம்பு இல்லண்ணே. எனக்குப் பயமா இருந்துச்சு, அனுப்பிட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டான். இத்தனை வருஷமாக அதை உள்ளுக்குள் வைத்துக்கொண்டுதான் என்னிடம் மெதுவாகவே பேசியிருக்கிறான். "பயமா இருந்தா எங்கிட்ட சொல்லு. எங்கிட்டேர்ந்து மறைக்காத" என்றேன். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் அதுவாகத்தான் இருந்தது. ஆனால் உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் போனது எனக்கு ஆறவில்லை மாமா. இன்னும் ஆறவில்லை.

அன்று சாயங்காலம் இரண்டு பேருமாக உங்கள் வீட்டுக்குப் போனோம். அத்தை என்னைப் பார்த்ததும், "இனிமே யாரோட சண்டை போடப் போறீங்க?" என்று கேட்டு அழுதார்கள். எனக்குக் காய்ச்சலும் வரவில்லை, குரலும் கேட்கவில்லை. எல்லோரையும் போல அழுதுவிட்டு வந்தேன்.

போன வாரம் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தேன். மனநல டாக்டர் வருகிற நாள், நல்ல கூட்டம். பக்கத்தில் ஒரு அம்மா, கூட அவர்கள் மகள், இருபது வயதிருக்கும், தலை குனிந்தபடி. "பேரென்னம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். பெயர், படிப்பு, நின்றுபோன கல்யாணம் என்று எல்லாவற்றையும் அம்மாவே சொன்னார்கள். "நான் பாப்பாவைத்தாம்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். "அது பேசாதுங்க" என்றார்கள். நான் எழுந்து போகவில்லை. இரண்டு மூன்று பேரை உள்ளே கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பெண் தலையைத் தூக்கி என்னை நேராகப் பார்த்தது. "உங்களுக்கு எதுக்குச் சொல்லணும்?"

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, மன்னிச்சுக்கங்க, உடம்பு சரியில்லாத புள்ள..." என்று ஆரம்பித்தார்கள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"நியாயமாத்தாம்மா கேக்குது" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதில் சொல்ல அந்தப் பெண் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.