பெயர்க் கட்டம்

சித்தூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஆசிருக்கு, ஸ்தோத்திரம்.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வருகிற திங்கட்கிழமை திருப்பதியில் உங்கள் திருச்சபைப் பள்ளிகளின் நிர்வாகக் கூட்டம். மாணவர் மனநலத்தில் அதிக முன்னேற்றம் கண்ட பள்ளி என்று எங்களுக்குக் கேடயம் தரப்போகிறீர்களாம். இதே முறையை மற்ற பள்ளிகளுக்கும் கொண்டுபோகப்போகிறீர்களாம். அதற்குள் இது உன் கைக்கு வந்தாக வேண்டும்.

உன் மனைவியும் பிள்ளைகளும் நலமா என்று கேட்டுத்தான் தொடங்கியிருக்க வேண்டும். நலமாகத்தான் இருப்பார்கள். கல்விச் செயலாளர் வீட்டில் என்ன குறை? புள்ளியியலில் நான் முதலாவதாக வந்தேன், நீ என் குறிப்புகளைப் படித்துத் தேறினாய். நான் இங்கே பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கிறேன். உன் மாமனார் நிர்வாகக் குழுவில் இருந்தார், என் மாமனார் இல்லை. சரி, விடு. அதை எழுத உட்காரவில்லை.

பிள்ளைகளிடம் வாராவாரம் மனநிலையைக் கேட்டுக் கணக்கெடுக்கலாம் என்று உனக்கு எழுதிக்கொடுத்ததே நான்தான். நான் எழுதிய திட்டத்தில் பெயர்க் கட்டம் கிடையாது. அதை நீ சேர்த்தாய். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளை டேப்லெட்டில் தன் பெயரை அழுத்துகிறது, பிறகு ஐந்து முகங்களில் ஒன்றைத் தொடுகிறது. அழுகிற முகத்தைத் தொட்டால் உன் திரையில் சிவப்பு. சிவப்பு வந்தால் பெற்றோரை வரவழைக்க வேண்டும் என்பது உன் சுற்றறிக்கை.

விடுதியில் தங்கிப் படிக்கும் பிரியங்கா ஒருமுறை அழுகிற முகத்தைத் தொட்டாள். சாந்திபுரத்துப் பெண். அப்பா ரங்கையா கூலி வேலை செய்கிறவர். வேலையை விட்டுவிட்டு, பஸ் மாறி மாறி வந்து, அலுவலக வராந்தாவில் மத்தியானம் வரை நின்றார். கடைசியில் எல்லாருக்கும் முன்னால் மகளைக் கேட்டார்: “ஏம்மா, உனுக்கு இன்னா கொற? மூணு வேள துன்றே, கட்டில்ல படுக்கறே. எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு என்னிய இம்மாந்தூரம் இஸ்துகினு வந்தே?” அதோடு விட்டிருக்கலாம். தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடுதி முழுக்கச் சிரித்த முகம். அதற்கடுத்த வாரமும் அப்படியே. தலைமையாசிரியர் வேதநாயகம் என்னை அழைத்து, “சூசாரா சார், பாத்தீங்களா, கிராப் எப்டி ஏறிக்கினு போவுது!” என்று திரையைக் காட்டினார். “ஏறுகிறது ஐயா, காய்ச்சல் மாதிரி” என்றேன். “உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்று கேட்டார். அந்தக் கோட்டுக்குத்தான் நீ கேடயம் தருகிறாய்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன வாரம் கோயிலில் இருந்து காணிக்கைப் பையை வாங்கி வந்தேன். சிவப்பு வெல்வெட், நீளப் பிடி, உனக்குத் தெரியாததா? சின்ன வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, மூடிய கையை உள்ளே விட்டு விரித்து எடுப்போம். யார் என்ன போட்டார்கள் என்று போதகருக்கும் தெரியாது. நீ வெறுங்கையை விட்ட ஞாயிறுகள் எனக்கு மட்டும்தான் தெரியும். வகுப்பில் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தேன். பெயர் வேண்டாம், யாரென்று தேடவும் மாட்டேன் என்று சொன்னேன். பை வரிசை வரிசையாகப் போனது.

பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான், வேறு வேறு வார்த்தைகளில். “எங்க நைனாவக் கூப்டாதீங்க சார்.” “வூட்டுக்கு போன் பண்ணாதீங்க, அம்மா வேலக்கிப் போவணும்.” ஒருத்தி, “சாம்பார்ல தண்ணி ஊத்தறாங்க, அத மட்டும் மேல சொல்லுங்க” என்று எழுதியிருந்தாள். சிரித்துவிட்டேன்.

அதற்கு அடுத்த காகிதத்தில் இருந்தது: “எனக்கு இங்க இருக்கப் புடிக்கல சார். வூட்லயும் இருக்கப் புடிக்கல. எங்கியுமே.” கையெழுத்து தெரியக்கூடாது என்று அச்செழுத்துப் போல எழுதியிருந்தாள். பிரியங்காவா? தெரியாது. வேறு யாராகவும் இருக்கலாம்.

அன்று சாயங்காலமே விடுதிக் காப்பாளர் எலிசபெத் அக்காவிடம் சொன்னேன். “ஒர்த்தின்னா ஒர்த்தியப் பாத்துக்குவேன். யாருன்னு தெரியலன்னா இன்னா சார் பண்றது? கணக்கு வாத்தியாருக்கே தெரியலயா?” என்று குத்திக்காட்டினார். ஆனாலும் தன் கட்டிலைப் பிள்ளைகள் படுக்கும் கூடத்துக்கே மாற்றிக்கொண்டார். பிள்ளைகளோடு பேச யாரையாவது வரவழைக்கலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டதற்கு, கூட்டம் முடியட்டும், இப்போது சிவப்பு வந்தால் பள்ளியின் பெயர் போய்விடும் என்றார்.

இப்போதெல்லாம் காலையில் வருகைப் பதிவு எடுப்பதே எனக்குத் தண்டனை. ஒவ்வொரு பெயருக்கும் “எஸ் சார்” வருகிறவரை அடுத்த பெயருக்குப் போக முடியவில்லை. குரல் மெலிந்திருந்தால் நிமிர்ந்து பார்க்கிறேன். நேற்று ஒருத்தி பதில் சொல்லத் தாமதித்தாள், எழுந்து அவள் பெஞ்சு வரை போய்விட்டேன். அவள் பக்கத்துப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாளாம்.

ஆசிர், கேடயத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடு. பெயர்க் கட்டத்தை எடுத்துவிடு. பெற்றோரை வரவழைக்கும் உத்தரவை ரத்து செய். பிள்ளைகளோடு பேசப் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணைத் திங்கட்கிழமைக்கு முன்பே இங்கே அனுப்பு. வந்து ஒருத்தியைத் தேட வேண்டாம், எல்லாரோடும் உட்கார்ந்து பேசட்டும். உன் ஒரு கையெழுத்தில் ஆகிற காரியம். இந்தத் திட்டமே என்னுடையது என்று இனி எங்கேயும் சொல்லமாட்டேன். நீயே வைத்துக்கொள்.

கர்த்தர் உன் பிள்ளைகளைக் காப்பாராக. அவர்கள் வாடிய முகத்தோடு வந்து நின்றால், காரணம் கேட்பதற்கு முன்னால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். உனக்கு என் கையெழுத்து தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும். இதை நீ கூட்டத்தில் வாசிக்க வேண்டும்; வாசிக்கும்போது என் பெயர் இருந்தால், பதவி கிடைக்காதவன் வயிற்றெரிச்சல் என்று மடித்து வைத்துவிடுவார்கள். அந்தக் காகிதத்தில் இருந்ததை எழுத அந்தப் பிள்ளைக்குப் பெயர் தேவைப்படவில்லை. எனக்கும் வேண்டாம். இப்படியே உறையில் போட்டு ஒட்டுகிறேன், தபாலாபீஸ் மூடுவதற்குள் போக வேண்டும்.