சகஜம் என்று நீ சொன்னது

மச்சான்,

இரத்தோட்டை பஸ் ஸ்டாண்டில் உன் படம் போட்ட பேனர் இன்னும் தொங்குகிறது. உன் ஞாபகார்த்தக் கிண்ணமாம். பிரதம அதிதி யார் தெரியுமா? உன் காதைப் போக்கியவன். 

நம் தோட்டக் கிரிக்கெட் டீமுக்கு இருந்தது ஒரே ஹெல்மெட். பந்தை எதிர்கொள்பவன்தான் போட்டுக்கொள்வான். ஒரு ரன் ஓடி முடித்ததும் நடுவில் சந்தித்துக் கைமாற்றுவோம். என் தலையில் பானை மாதிரி ஆடும். உன் பெரிய மண்டையில் தட்டித்தான் ஏற்ற வேண்டும். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்த ஃபைனலில் டவுன் டீமின் கேப்டனும் வேகப்பந்துக்காரனும் அவன்தான். "டைம் போகுது, இனி ஹெல்மெட் மாத்தக் கூடாது" என்று அம்பயரிடம் போய் நின்றான். அம்பயரும் தலையாட்டினார். அப்போது அது என் தலையில் இருந்தது. கழற்றி உன்னிடம் நீட்டினேன், விடவில்லை. எனக்கு அவன் ஒரு பந்துகூட எகிறப் போடவில்லை. நீ ஆட வந்ததும் பந்தைப் பாதிப் பிட்ச்சில் குத்தித் தலைக்கு எகிற விட்டான்.

"மண்டைக்குப் போடுறீங்களே, நியாயமாங்க?" என்று கத்தினேன்.

"வெள்ளக்காரனே ஆளப் பாத்துப் போட்டான். நாங்க போட்டா மட்டும் தப்பா?" என்று சிரித்தான். வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் ஆடுபவனின் உடம்பைக் குறிவைத்துப் பந்து போட்ட அந்த வித்தையைத் தடுக்கப் பிறகு கிரிக்கெட்டில் சட்டமே போட்டார்கள் என்பது அவனுக்கு வசதியாக மறந்துபோனது. அடுத்த பந்து உன் இடது காதில்.

ரத்தம் வழிய எழுந்து, "விடுங்கடா, வெளாட்டுல இதெல்லாம் சகஜம்" என்றாய். உன் அந்த நல்ல மனசின் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம்தான். அந்தக் காது அதன்பின் கேட்கவேயில்லை. போன வருடம் தம்புள்ளை ரோட்டில் உன் மேல் ஏற்றிய லொறிக்காரன் ஹார்ன் அடித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அடித்திருப்பான். ஒற்றைக் காதில் அது எந்தப் பக்கமிருந்து என்று உனக்கு எப்படித் தெரியும்?

நேற்று மேடையில் அவன் உன்னை வாயாரப் புகழ்ந்தான். "இதெல்லாம் சகஜம்னு சொன்ன பெரிய மனுசன்" என்றான். கைதட்டினார்கள். நான் கீழேயிருந்து கத்தினேன்: "அத அவன் சொல்லலாம், நீ சொல்லக் கூடாது!" கமிட்டிக்காரர்கள் என்னை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள்.

இந்தக் கோபத்தை நான் இறக்கி வைக்கப் போவதில்லை. நீ மன்னித்தாய், உன் காது, உன் இஷ்டம். எனக்குப் போனது நீ, மச்சான். அதை மன்னிக்கச் சொல்லி நீ என்னைக் கேட்கவேயில்லை. கேட்டிருந்தாலும் மாட்டேன்.