எதிர்ப்பட்டறைக்காரனின் போல்ட்

கோபக்கார மச்சானுக்கு,

நீ சொன்னதில் பாதி பலித்துவிட்டது, சிரிக்காதே. "காப்புரிமை வாங்கலன்னா கண்டவனும் காப்பியடிப்பான், அப்புறம் எவன்டா மூளையைக் கசக்குவான்?" என்று கத்திவிட்டுப் பட்டறையை விட்டே போனாயே! நாம் இருவரும் செய்த வழுக்காத ஏணியை எதிர்ப்பட்டறைக்காரன் அப்படியே செய்து விற்கிறான்.

கொதித்துப்போய் ஒன்றை வாங்கிப் பிரித்தேன். நம் ஏணியில் கழன்று கழன்று விழுமே கால் ரப்பர், அதை அவன் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறான்! நானும் அப்படியே செய்துவிட்டேன்.

மறுநாளே ஓடிவந்தான். "அண்ணே, என் போல்ட்டைத் திருடிட்டீங்களே, இது அடுக்குமா?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. இப்போது அவன் மடக்கு ஏணிக்கு மூளையைக் கசக்குகிறான். நானும் விடுவதாயில்லை.

ஆனால் பட்டறையில் உன் ஸ்டூலில் மட்டும் அவனை உட்காரவிடவில்லை. அதற்குக் காப்புரிமை உண்டு.

உன் பிடிவாதக்கார மச்சான்