என் பெயருக்கு எழுந்த ஒரே கை

சிம்பாங் பூலாய்,
21.10.1984

அன்பு மகள் கத்தரினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் உடம்பளவில் நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகனும் பேரனும் டொரொண்டோ குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஜெபிக்கிறோம். கம்பளிச் சட்டை போடச் சோம்பல் படாதே. இங்கே விடாத மழை, பாதி நாள் ரப்பர் மரம் சீவ முடியவில்லை.

மாதத் தொடக்கத்தில் உன் கடிதம் கிடைத்தது. நீ போன இந்தப் பத்து வருஷத்தில் கனடா அரசியல் புரண்டு புரண்டு படுத்த கதையை எழுதியிருந்தாய். அசைக்க முடியாது என்றிருந்த கட்சி எழுபத்தொன்பதில் தோற்றதும், புதிதாக வந்தவர்கள் வருஷம் திரும்புமுன் கவிழ்ந்ததும், பழையவர்களே மறுபடி வந்து அரசியல் சட்டத்தை இங்கிலாந்திடமிருந்து வாங்கிக்கொண்டதும், போன மாதம் ஜனங்கள் அவர்களையும் துடைத்துப் போட்டதும். ஒரு மாகாணம் பிரிந்து போகலாமா என்பதைக்கூட ஓட்டுப் போட்டுத்தான் கேட்டார்களாம். நீயும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டாய் என்பதைக் காப்பிக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அவ்வளவு பெரிய நாற்காலியே கவிழும்போது நம் தொழிலாளர் சங்கக் கிளைத் தலைவர் உடையப்பன் நாற்காலிக்கு மட்டும் என்ன வேரா விட்டிருக்கிறது என்று கேட்டேன். கடையே சிரித்தது.

தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்றது உனக்குத் தெரியும். நாம் குடியிருக்கும் லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொன்னால் மாற்று வீடு கேட்க வேண்டும் என்றோம் நாங்கள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் போகலாம் என்றார் உடையப்பன். அதனால் தலைவர் பதவிக்கு என்னை நிற்கச் சொன்னார்கள், நானும் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றேன். போன ஞாயிறு கூட்டம். ஓட்டுப் பெட்டியெல்லாம் இல்லை, கை தூக்குவதுதான். துரைக்குக் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணியார் முன்வரிசையில் உட்கார்ந்து யார் கை எழுகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். என் பெயரைச் சொன்னதும் பெண்கள் பக்கம் உன் அம்மா கை ஒன்றுதான் எழுந்தது. நான் தரையைப் பார்த்தேன். அடுத்து உடையப்பன் பெயரைச் சொன்னார்கள். மற்ற எல்லாக் கையும் எழுந்தது கத்தரின், என் கையும்தான். வேலை போய்விடுமோ என்ற பயம், வேறொன்றும் இல்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான். இதை உனக்கு எழுதவே கூசுகிறது.

வீடு வந்ததும் அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "நானும் அதே தோட்டத்துலதானே மரம் சீவுறேன், என் கை எழும்பலயா?"

இந்த வாரம் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மாற்று வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. உடையப்பன் மானேஜர் துரையிடம் மூச்சு விடவில்லை. அம்மா பெண்களைத் திரட்டி, கூட்டத்தை மறுபடி கூட்ட வைத்துவிட்டாள். வருகிற ஞாயிறு அவளே நிற்கிறாள். வேலை விட்டு வந்து குளித்ததும் லயத்தில் வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்கிறாள். உடையப்பன் பெண்சாதியிடம்கூடக் கேட்டுவிட்டாளாம். என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

ஆண்டவர் உங்கள் மூவரையும் கண்மணிபோல் காக்கட்டும். பேரனுக்கு முத்தம். அம்மாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுதிப் போடு, மறக்காதே. அதில் எனக்காகப் பரிந்து பேசாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
அ. கஸ்பார்