கண்ணை மூடிக்கொண்டு ஆடியவர்

நாகஜோதி,

போனில் பேசினால் முதலாளி காதுக்குப் போய்விடும். அதனால்தான் கடிதம்.

அர்ஜென்டினாவில் யாரை முடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினாரோ, அந்த உத்தமபாளையத்து ஆள் இங்கே டாங்கோ நடனம் கற்றுக்கொடுக்கிறார். என்ன ஆட்டம், போ. வந்த சோலியை மறந்து வாசலிலேயே வாயைப் பிளந்து நின்றேன். "நம்மூரு முகமா இருக்கே, உள்ள வாங்கண்ணே" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

பழக்குவதற்கு அவரே பெண் இடத்தில் நின்று, கண்ணை மூடி, என் நெஞ்சில் சாய்ந்து பின்னோக்கி நடந்தார். என் இடுப்புக் கத்தி அவரைக் குத்திவிடாமல் நான்தான் நெளிந்தேன். "அண்ணே, இடுப்ப இம்புட்டு வளைக்கக் கூடாது" என்று திட்டு வேறு.

என் முன்னால் தானாகக் கண்ணை மூடிய முதல் ஆள் அவர்தான்.

கத்தியை ஆற்றில் போட்டுவிட்டேன். முதலாளிக்குத் தெரிவதற்குள் நீ குமுளியில் உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடு. நேராக அங்கே வருகிறேன். கூடத்தில் கிடக்கும் கட்டிலை மட்டும் ஓரமாகத் தள்ளி வை. நாம் ரெண்டு பேர் ஆட இடம் வேண்டும்.

உன் வீட்டுக்காரன்